உற்பத்தி நின்ற பிராண்டில் பழைய கார்: தினமும் ஓட்டத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூடப்பட்ட பிராண்டின் கார் மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவைப் பார்த்து வருபவர்கள் முதலில் காரைப் பிடித்துவிட்டு, அப்புறம் ஸ்பேர் தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஸ்பேர் முதலில், மெக்கானிக் இரண்டாவது, கார் கடைசியில்.

இந்தக் கார்களை வீட்டில் முடக்கிப் போடுவது பெரும்பாலும் இன்ஜின் இல்லை. பிஸ்டன் ரிங், பேரிங், பெல்ட் போன்றவற்றை வெளிக் கம்பெனிகள் செய்துகொண்டேதான் இருக்கின்றன. உடைந்த ஹெட்லைட், விரிசல் விட்ட முன்கண்ணாடி, சாவியை ஏற்க மறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி ஆகியவைதான் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைக்கும். கீழே உள்ள படிகளின் வரிசை இதை வைத்தே அமைந்தது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் நினைத்திருக்கும் மாடலின் பார்ட் நம்பர் பட்டியல், வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்து நேரடித் தரவு காட்டும் ஓபிடி ஸ்கேனர், வோல்ட் மீட்டர், நல்ல டார்ச், கூலன்ட்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவ டெஸ்டர். இவற்றோடு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களில் வேலைக்குப் போக வேறு வழியும் வேண்டும். அது இல்லாதவர்கள் முதல் படியில் சொல்லும் முதல் வகையைத் தாண்டி வேறெதையும் பார்க்க வேண்டாம்.

1. பிராண்டு எப்படி நின்றது என்று பிரித்துப் பாருங்கள்

மூன்று வகை உண்டு. தாய் நிறுவனம் உயிரோடு இருந்து, பெயரை மட்டும் கைவிட்டது முதல் வகை. ஓல்ட்ஸ்மொபைல் (2004), பான்டியாக், சாட்டர்ன் (2010), மெர்க்குரி (2011), சயான் (2016) எல்லாம் இதில் வரும். பொதுவான பாகங்களை ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் டொயோட்டாவும் தங்கள் மற்ற கார்களுக்காக வைத்திருந்ததால் இங்கே சிக்கல் குறைவு.

நிறுவனமே திவாலானது இரண்டாவது வகை. எம்ஜி ரோவர் 2005 ஏப்ரலிலும், சாப் 2011 டிசம்பரிலும் விழுந்தன. இங்கே ஸ்பேர் வருவது தனியாகப் பிரிந்து நின்ற உதிரிபாக நிறுவனங்களிடமிருந்தும், பழைய இருப்பிலிருந்தும், உடைத்த வண்டிகளிலிருந்தும்தான். சாப்பின் ஸ்பேர் பிரிவு ஓரியோ என்ற பெயரில் தனியாகத் தொடர்ந்தது. அதனால்தான் சாப் இன்றும் ஓரளவு ஓட்டக்கூடியதாக இருக்கிறது. ஸ்பேர் பிரிவு யார் கைக்குப் போனது என்பதை மற்ற பிராண்டுகளிலும் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது வகை, உங்கள் நாட்டை மட்டும் விட்டுப் போனவை. 2012-இல் அமெரிக்காவில் கார் விற்பனையை நிறுத்த முடிவெடுத்த சுசுகியும், 2013-இல் ஐரோப்பாவை விட்ட டைஹாட்சுவும் உதாரணம். பாகம் உலகத்தில் இருக்கும். உங்கள் கைக்கு வர நாளாகும். நாடு மாறினால் அதே பெயர் வண்டியில் இன்ஜினும் விளக்கும் மாறும் என்பதால் தவறான பாகம் வந்துசேரும் வாய்ப்பும் அதிகம்.

2. பேட்ஜுக்கு அடியில் என்ன கார் என்று கண்டுபிடியுங்கள்

இந்த ஒரு படியே பாதி முடிவைத் தந்துவிடும். பான்டியாக் வைப் என்பது உடை மாற்றிய டொயோட்டா மேட்ரிக்ஸ். கலிஃபோர்னியாவில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நடத்திய ஆலையில் செய்யப்பட்டது. அடியில் கொரோலாவின் பாகங்கள் நிறைய. மெர்க்குரி மிலன் ஒரு ஃபோர்டு ஃப்யூஷன். கிராண்ட் மார்க்கி ஒரு கிரவுன் விக்டோரியா. சயான் எஃப்ஆர்-எஸ் அப்படியே டொயோட்டா 86 ஆகத் தொடர்ந்தது. சயான் ஐஏ ஒரு மஸ்தா 2. சாட்டர்ன் ஆஸ்ட்ரா ஒரு ஓப்பல்.

2003-க்குப் பிந்தைய சாப் 9-3 கூட முழுத் தனியன் இல்லை. ஓப்பல் வெக்ட்ரா சி, பான்டியாக் ஜி6, சாட்டர்ன் ஆரா ஆகியவற்றோடு ஒரே அடித்தளம். சாப், வால்வோ, ஓப்பல் எனப் பல கார்களில் ஐசின் செய்த ஒரே 5 வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போனது. கியர்பாக்ஸ் வேலைக்கு சாப் மெக்கானிக்கைத் தேடி அலையத் தேவையில்லை, வால்வோ பார்க்கும் ஆளே போதும்.

இரட்டைக் காரின் பெயர் தெரிந்ததும் எல்லாம் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. பொதுவாக ஒன்றாக இருப்பவை இன்ஜின், கியர்பாக்ஸ், ஹப், புஷ், பிரேக் பேடு. வேறாக இருப்பவை கண்ணாடி, விளக்கு, பம்பர், ஃபென்டர், டேஷ்போர்டு, மென்பொருள். பிரேக் டிஸ்க் ஒரே மாடலிலேயே இரண்டு மூன்று விட்டங்களில் வரும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் டிக்கியிலோ குளோவ் பாக்ஸிலோ மூன்றெழுத்துக் குறியீடுகள் நிறைந்த ஸ்டிக்கர் இருக்கும். எந்த பிரேக், எந்தச் சஸ்பென்ஷன் என்பதை அதுதான் சொல்லும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. இருபது பாகங்களைத் தேடிப் பாருங்கள்

காரைப் பார்க்கப் போகும் முன்பே செய்ய வேண்டிய வேலை. முன்கண்ணாடி, இரண்டு ஹெட்லைட், பின்விளக்கு, பக்கக் கண்ணாடி, முன் பம்பர், ஃபென்டர், ரேடியேட்டர், ஏசி கம்ப்ரஸர், எரிபொருள் பம்ப், கிராங்க் சென்சார், இக்னிஷன் காயில், ஏபிஎஸ் மாட்யூல், இன்ஜின் கம்ப்யூட்டர், சாவி, கதவுப் பூட்டு, ஜன்னல் ரெகுலேட்டர், வீல் ஹப், கீழ் கன்ட்ரோல் ஆர்ம், கேட்டலிடிக் கன்வர்ட்டர். ஒவ்வொன்றையும் பார்ட் நம்பர் வைத்து, வாங்கப் போகிறவர் போலவே தேடுங்கள்.

கிடைப்பதை நான்கு வகையாகக் குறித்துக்கொள்ளுங்கள்: வெளிக் கம்பெனி புதியது, கம்பெனியின் பழைய இருப்பு, உடைத்த வண்டியில் மட்டும், எங்கும் இல்லை. கடைப் பட்டியலில் பெயர் இருப்பதால் கையிருப்பில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கேட்டு உறுதி செய்தால்தான் கணக்கு. வந்துசேர எத்தனை நாள் என்றும் கேளுங்கள்.

வண்டியை நகரவிடாமல் செய்யும் பாகம் ஒன்றாவது 'எங்கும் இல்லை' பிரிவில் வந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியும் அந்தப் பட்டியலில் சேரும். அது பெரும்பாலும் ஒவ்வொரு மாடலுக்கும் தனி வளைவு, வேறு மாடலிலிருந்து எடுத்துப் போட வழியில்லை. உள்பக்க பிளாஸ்டிக், இருக்கைத் துணி, அலங்காரப் பட்டை கிடைக்காமல் போனால் கவலைப்பட வேண்டாம். புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிழியாத சீட்டைப் பார்த்து மயங்கி, ஹெட்லைட் கிடைக்குமா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பழைய இருப்பிலும் ஒரு வலை உண்டு. பிரிக்காத பெட்டி என்பதால் உள்ளே இருப்பது நல்லது என்று ஆகாது. பெல்ட், ஹோஸ், புஷ், பிரேக் ஹோஸ் எல்லாம் பெட்டிக்குள்ளேயே காய்ந்து வெடிக்கும். ரப்பர் என்றால் எப்போதும் புதிய தயாரிப்பு. உலோகமும் கண்ணாடியும் என்றால் பழைய இருப்பைத் தயங்காமல் வாங்கலாம்.

4. சாவியும் மாட்யூல்களும்

2000-க்குப் பிந்தைய கார்களில் பல மாட்யூல்கள் (சின்ன எலக்ட்ரானிக் பெட்டிகள்) அந்த ஒரு வண்டியோடு மின்னணு முறையில் கட்டப்பட்டவை. உடைத்த வண்டியிலிருந்து எடுத்து மாட்டினால் ஸ்டார்ட் ஆகாது. அதைப் பழக்க டீலரின் கருவி வேண்டும். நிறுவனமே போன பிராண்டுகளுக்கு டீலரே இல்லை.

சாப் 9-3 இதற்குச் சரியான உதாரணம். அதன் மாட்யூல்களைக் கோட் செய்ய டெக் 2 என்ற கருவியும், பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். ஸ்டியரிங் தண்டில் இருக்கும் சிஐஎம் மாட்யூல் பழுதானாலோ, எல்லாச் சாவியும் தொலைந்தாலோ வேலை பெரிதாகிவிடும். ஆகவே விதி: வேலை செய்யும் சாவி இரண்டு இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். ஒரே சாவிதான் என்றால், விலை பேசும் முன்பே இரண்டாவது சாவி போட எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். 'இன்னொன்று வீட்டில் இருக்கிறது' என்ற பதிலுக்கு, அதைக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

5. மெக்கானிக்கை இப்போதே பிடியுங்கள்

எந்த வண்டியையும் பார்ப்பேன் என்பவர் உங்களுக்குப் போதாது. இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த மாடலுக்கான ஸ்கேன் கருவி உங்களிடம் இருக்கிறதா? பார்ட் நான் வாங்கித் தந்தால் மாட்டுவீர்களா? இரண்டாவதற்குப் பல ஒர்க்‌ஷாப்கள் மறுக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வெளியிலிருந்து வரும் பாகத்துக்கு யார் உத்தரவாதம் தருவது? ஆனால் நின்றுபோன பிராண்டில் பாகம் தேடும் வேலை கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். அதனால் ஒப்புக்கொள்ளும் ஒருவர் கிடைத்த பிறகே அடுத்த படி.

6. அந்த மாடலுக்குத் தெரிந்த நோய்களைப் படியுங்கள்

பழைய காருக்கு ஒரு நன்மை: அதன் குறைகள் எல்லாம் வெளிவந்து, தீர்வும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. தீர்வு செய்த வண்டியா, செய்யாததா என்பதுதான் உங்கள் கேள்வி.

*சாப் 9-5, சுமார் 1998 முதல் 2003 வரை.* இன்ஜின் எண்ணெய் தார் போலக் கெட்டியாகி, ஆயில் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) உள்ள உறிஞ்சு வலையை அடைக்கும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் சம்ப்புக்கு மிக அருகில் இருந்து எண்ணெயைக் காய்ச்சுவதும், கிராங்க்கேஸ் காற்றோட்ட அமைப்பு போதாததும் காரணம். 2004 மாடலில் காற்றோட்டத்தைத் திருத்தினார்கள், பழையவற்றுக்கும் திருத்த கிட் உண்டு. சம்ப்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வேலைக்கான பணத்தை விலையில் கழியுங்கள், வாங்கியதும் முதல் வேலையாகச் செய்யுங்கள். ஆயில் விளக்கு எரிந்த பிறகு செய்தால் பேரிங் போயிருக்கும். இதே இன்ஜினில் நான்கு பிளக்குக்கும் சேர்த்து ஒரே இக்னிஷன் கேசட் உட்கார்ந்திருக்கும். போனால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். டிக்கியில் ஒரு கேசட் வைத்துக்கொள்வது சாப் ஓட்டுபவர்களின் வழக்கம்.

*ரோவர், எம்ஜி கே-சீரிஸ் பெட்ரோல்.* ஹெட் கேஸ்கெட் போகும். இந்த இன்ஜினில் கூலன்ட் அளவே குறைவு, ஆகவே சிறு கசிவும் சீக்கிரம் சூடேற்றிவிடும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டும், எஃகு டவலும் (ஹெட்டை இடம் மாறாமல் நிறுத்தும் பின்) போட்டுச் சரிசெய்த வண்டி என்றால் நிம்மதி. கூலன்ட் குறைந்தாலே ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டவும் வேண்டாம், இன்லெட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டும் இப்படிக் கசியும். ரோவர் 75-இல் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள நீர்வடிகால் அடைத்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியில் தண்ணீர் தேங்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் காரின் டீசல் இன்ஜின் பிஎம்டபிள்யூ தந்தது, தினமும் ஓட்ட அதுவே பரவாயில்லை.

*சாட்டர்ன் வியூ.* 2002–2005 நான்கு சிலிண்டர் வண்டிகளில் வந்த சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் மோசமான பெயர் எடுத்தது. தவிர்த்துவிடுங்கள். 2004–2007 வி6-இல் இருப்பது ஹோண்டாவின் 3.5 லிட்டர் இன்ஜின். நல்ல இன்ஜின், ஆனால் டைமிங் பெல்ட் உண்டு. சுமார் 1,68,000 கி.மீ. அல்லது 7 ஆண்டில் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். 'போன வருடம்தான் மாற்றினேன்' என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

*சயான் டிசி.* 2007–2009 காலத்து 2.4 லிட்டர் இன்ஜின் ஆயில் குடிக்கும். பிஸ்டனின் ஆயில் ரிங் காரணம். டிப்ஸ்டிக் கீழ்க்கோட்டில் இருந்தால் உஷார். *கிராண்ட் மார்க்கி* என்றால் 1996–2001 வண்டிகளில் முழு பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு முன்பக்கம் விரிசல் விட்டு கூலன்ட் ஒழுகும். அலுமினியம் முகப்பு உள்ளதாக மாற்றியிருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

7. ரீகால் சோதனை

எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் உள்ள சேசிஸ் எண்ணை (VIN) வைத்து, செய்யாத ரீகால் (குறையைச் சரிசெய்ய கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். பிராண்டு போய்விட்டதால் முந்தைய உரிமையாளர்களுக்குக் கடிதம் போய்ச் சேராமல் விட்ட வண்டிகள் நிறைய. சாப் 9-3, சாட்டர்ன் ஆஸ்ட்ரா, பான்டியாக் வைப் மூன்றிலுமே சில ஆண்டு மாடல்கள் டகாட்டா ஏர்பேக் ரீகாலில் வந்தவை. அதில் ஏர்பேக்கை ஊதும் இன்ஃப்ளேட்டர் நாளாகி, ஈரமும் வெப்பமும் ஏறினால் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் எறியும். சாட்டர்ன் அயான், பான்டியாக் ஜி5 இரண்டுக்கும் 2014-இல் இக்னிஷன் சுவிட்ச் ரீகால். ஓடும்போதே சாவி நழுவி இன்ஜின் அணையும், ஏர்பேக்கும் விரியாது. செய்து முடித்த ஆதாரம் இல்லாமல் இந்த வண்டிகளை ஓட்ட வேண்டாம்.

8. காரைப் பார்க்கும் நாள்: எந்த வரிசையில்?

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்பே ஸ்டார்ட் செய்திருக்கலாம், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் செயின் சத்தமும் புகையும் வெளிப்படும்.

ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் அளவு, ஆயில் மூடியின் உட்புறம், பேட்டரி மூன்றையும் பாருங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் ஆனதும் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் இந்தக் காலத்து மாட்யூல்கள் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகளைக் காட்டி உங்களைச் சுற்றவிடும். அதனால்தான் ஸ்கேனுக்கு முன்பே இது.

பிறகு ஸ்கேனர். பழுதுக் குறியீடு இல்லை என்பதோடு திருப்திப்பட வேண்டாம். சுயசோதனை நிலைகள் 'தயாரில்லை' என்று காட்டினால், யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பல கார்களில் அழித்த பிறகு எத்தனை கி.மீ. ஓடியது என்ற எண்ணும் தெரியும். அது 20, 30 என்றிருந்தால் காரணம் கேளுங்கள்.

அரை மணி நேரம் ஓட்டி, இன்ஜின் முழுச் சூடேறியதும் நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். கிராங்க் சென்சார் பழுது குளிரில் தெரியாது, சூட்டில்தான் வண்டியை நிறுத்தும். திரும்பி வந்ததும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கூலன்ட் தொட்டியில் நீலத் திரவ டெஸ்டரை வையுங்கள். மஞ்சளானால் சிலிண்டர் வாயு கூலன்ட்டில் கலக்கிறது. மூடியைச் சூட்டில் அவசரமாகத் திறக்காதீர்கள், கொதிநீர் பீய்ச்சும்.

கடைசியாக ஒவ்வொரு விளக்கு, ஜன்னல், பூட்டு, கண்ணாடி. மூன்றாம் படியில் 'உடைத்த வண்டியில் மட்டும்' என்று குறித்தவற்றை இங்கே இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். மங்கிய ஹெட்லைட்டை மெருகேற்றலாம், உட்புறத் தாங்கு காது உடைந்திருந்தால் முழு விளக்கும் மாற்ற வேண்டும். டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. அடிப்பக்கத் துரு இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் மாற்றுப் பாகம் தேடலாம், சட்டகத்துக்கு வழியில்லை.

9. இன்சூரன்ஸைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்

சந்தை மதிப்பு குறைந்த கார் என்பதால், சின்ன மோதலில் பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் போனாலே பழுதுச் செலவு மதிப்பைத் தாண்டிவிடும். கம்பெனி முழு இழப்பு என்று எழுதிவிடும். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசி கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

விலை பேசும்போது ஆறாம் படியில் செய்யப்படாத வேலைகளின் தொகையை முழுதாகக் கழியுங்கள். ஓடோமீட்டர் எண்ணை விட ரசீதுக் கட்டுக்கு மதிப்புக் கொடுங்கள். 2,00,000 கி.மீ. ஓடி எல்லா வேலையும் முடித்த வண்டி, 80,000 கி.மீ. ஓடிக் கொட்டகையில் நின்ற வண்டியைவிடத் தினசரி ஓட்டத்துக்கு ஏற்றது. நின்ற வண்டியில் சீல், எரிபொருள் பம்ப், பிரேக் காலிப்பர் எல்லாம் ஒரே நேரத்தில் கைவிடும்.

10. வாங்கிய முதல் மாதம்

ஆயில், கூலன்ட், பிரேக் திரவம், கியர்பாக்ஸ் திரவம், எல்லா ஃபில்டரும். முன்னவர் எதைப் போட்டார் என்று தெரியாத நிலையில் தொடக்கக் கணக்கை உங்கள் கையில் எடுப்பதற்கு இது. ஆட்டோமேட்டிக்கில் திரவ வகை மாறக் கூடாது. மேலே சொன்ன ஐசின் 5 வேகப் பெட்டிக்கு ஜேடபிள்யூஎஸ் 3309 தரத் திரவம், எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்பது வேண்டாம்.

அடுத்து, வண்டியை நடுவழியில் நிறுத்தக்கூடிய பாகங்களில் ஒவ்வொன்று வாங்கி வையுங்கள்: காயில் அல்லது கேசட், கிராங்க் சென்சார், எரிபொருள் பம்ப் ரிலே, தெர்மோஸ்டாட். உடைத்த வண்டி கண்ணில் பட்டால் இரண்டு ஹெட்லைட், பக்கக் கண்ணாடிகள், பின்விளக்குகள். அதே வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டர், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பெட்டி), சாவி மூன்றும் ஒரே செட்டாகக் கிடைத்தால் கேட்ட விலைக்கு எடுங்கள். ஒன்றோடொன்று பழக்கப்பட்ட செட் என்பதால் பல மாடல்களில் கோடிங் இல்லாமல் மாட்டிவிடலாம். தனித்தனியாக மூன்று வண்டியிலிருந்து சேர்த்தவை அலமாரியில்தான் கிடக்கும்.

பாகம் கழற்றுவதற்கென்றே முழு டோனர் வண்டியையே வாங்கிப் போடும் ஆசை வரும். வேண்டாம். இடத்தை அடைத்துக்கொண்டு, உங்களுக்குத் தேவைப்படும் ரப்பரும் வயரிங்கும் வெயிலில் கெட்டுப்போகும். மேலே சொன்ன பாகங்களை மட்டும் கழற்றி, பார்ட் நம்பர் எழுதிய அட்டையோடு வீட்டுக்குள் வையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை மூன்றாம் படியின் இருபது பாகத் தேடலைத் திரும்பச் செய்யுங்கள். 'வெளிக் கம்பெனி புதியது' என்றிருந்தவை 'உடைத்த வண்டியில் மட்டும்' என்று நகரத் தொடங்கினால், வண்டி நன்றாக ஓடும்போதே விற்க வேண்டிய நேரம் அது.